ஒரு மாதம்

சனிக்கிழமை ஏழரை பஸ்.
தம்பிலுவிலில் ஏறி அக்கரைப்பற்றில் இறங்கினேன்.
ஆசிரியர் மத்திய நிலையம், மேல்மாடி,
இரண்டு மின்விசிறி, அதில் ஒன்று சுற்றாது.
தரம் பத்து, பதினொன்று, குடியுரிமைக் கல்வி
கற்பிப்போருக்கான இரண்டு நாள் செயலமர்வு.
கையொப்பமிட்டேன்.
பயணப்படி கிடையாது என்றார்கள்.
அதற்கும் ஒரு தாள் இருந்தது,
அதிலும் கையொப்பமிட்டேன்.

வளவாளர் பரீனா மருதமுனைக்காரி.
ப்ரொஜெக்டர் கொண்டுவரவில்லை.
உடுப்புக் காயப்போடும் கொடிக்கயிறும்
ஒரு பை நிறையக் கிளிப்பும் கொண்டுவந்தார்.
யன்னல் கம்பிக்கும் தூணுக்கும் நடுவே கயிற்றைக் கட்டி
முப்பத்தொன்று, நாற்பத்தேழு,
எழுபத்திரண்டு, எழுபத்தெட்டு என்று
யாப்புகளைக் கொழுவினார்.
கச்சான் அடித்தது.
டொனமூர் முகத்தைத் திருப்பிக்கொண்டது.
சோல்பரி கழன்று
உவைஸ் சேரின் மடியில் விழுந்தது.
"எழுபத்திரண்டு மட்டும் தாக்குப் பிடிக்கோணுமே இது"
என்று அவரே எழும்பி மாட்டிவிட்டார்.
சிரித்தோம்.
பதினெட்டு வருடமாக வகுப்பில்
ஒரு பிள்ளையும் சிரிக்காத பகிடி.

பிறகு வெறும் அட்டைகள் வந்தன.
"பேர் எழுத வேணாம்.
போன தவணை ஒரு பிள்ளை கேட்டு
நீங்க பதில் சொல்லாமல் விட்ட கேள்வி.
ஒண்டே ஒண்டு."

பேனாக்கள் நின்றன.
எங்கள் பாடக்குறிப்புக் கொப்பியில்
தேர்ச்சிக்குக் கட்டம் உண்டு, நேரத்துக்கு உண்டு,
கணிப்பீட்டுக்கு உண்டு, அதிபரின் ஒப்பத்துக்கும் உண்டு.
இதற்கு இல்லை.

கனுஜா. மூன்றாம் வாங்கு, யன்னலோரம்.
நூற்று இருபத்தாறாம் உறுப்புரை
படிப்பித்துக்கொண்டு நின்றேன்:
அடிப்படை உரிமை மீறப்பட்டால்
ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம்.
'ஒரு மாதம்' என்பதன் கீழே
சிவப்புச் சோக்கால் இரட்டைக் கோடு,
இரண்டு புள்ளி வரும் இடம்.
கையை உயர்த்தினாள்.
"சேர், எங்கட வயலைச் சுத்தி அவங்க வேலி போட்டுப்
பதினொரு வருசம்.
அப்ப எங்கட உரிமை முடிஞ்சிட்டா?"

"அது சோதனைக்கு வராது" என்றேன்.
மணி அடித்தது.
மணி அடித்தவனுக்கு
மனதுக்குள் நன்றி சொன்னேன்.

அட்டைகளைக் குலுக்கிப் பங்கிட்டார்கள்.
எனக்கு வந்ததில் உருண்ட எழுத்து:
'டீச்சர், சட்டத்துக்கு முன்னால எல்லாரும் சமன் எண்டா
சட்டத்துக்குப் பின்னால ஆர் நிக்கிற?'
என்னுடையது பொத்துவில் சுலோஜினிக்குப் போயிருந்தது.
வாசிக்கத் தொடங்கி 'வேலி' என்ற இடத்தில் நின்றார்.
போத்தலைத் திறந்து தண்ணீர் குடித்தார்.
திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார்.
"இது நான் எழுதினதில்ல" என்றார்,
ஒருவரும் கேட்காமலே.

அதன் பிறகுதான் சத்தம்.
எந்த நாளில் இருந்து எண்ணுகிறது என்றார் ஒருவர்.
வேலி போட்ட நாளா, அதைக் கண்ட நாளா?
மனித உரிமை ஆணைக்குழு விசாரிக்கும் நாட்கள்
அந்த மாதத்துக்குள் சேராது என்றார் இன்னொருவர்,
ஆனால் அங்கேயும் நேரத்துக்குப் போயிருக்க வேணும்.
ஒவ்வொரு விடியலிலும் வேலி நின்றால்
ஒவ்வொரு விடியலிலும் மீறல்தானே என்று
மேசையில் தட்டினார் உவைஸ் சேர்.
சோற்றுப் பார்சல் ஆறிப்போனது.
முடிவு எதையும் கரும்பலகையில் எழுதவில்லை.
பரீனா கேள்விகளைத்தான் கயிற்றில் கொழுவினார்,
ஆண்டுகளுக்கு இடையில், இடம் கண்ட இடத்தில்.
கயிறு தொய்ந்து
எழுபத்தெட்டு தரையைத் தொட்டது.

பத்து பீ வகுப்பு, திங்கட்கிழமை, நாலாம் பாடவேளை.
தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகி,
தெரிந்த கொஞ்சத்தைத் தாளில் எழுதிச்
சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனேன்.
"கனுஜா, போன தவணை ஒரு கேள்வி கேட்டாய்.
அதைத் திரும்பக் கேள், மகள்."

எழும்பி நின்றாள்.
புத்தகத்தைப் பார்த்தாள்.
பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தாள்.
"எந்தக் கேள்வி, சேர்?"

எண்ணிப் பார்த்தேன்.
அவள் கேட்டு
ஐம்பத்து மூன்று நாள்.